முக்காட்டு நுனியில் ஒரு பச்சைப் பூச்சி

சூசாமிர் மேய்ச்சல் வெளியில் கோடைக்கு வந்து தங்குகிற குடும்பங்களில் உம்சுனையைத் தெரியாதவர் கிடையாது. குதிரைப்பாலை நன்றாகப் புளிக்க வைத்து குமிஸ் செய்வாள் என்பதற்காக அல்ல. அது சுமாராகத்தான் வரும். எறும்பின் முகத்தைப் பார்த்தவள் என்பதற்காக.

அது ஒரு தூறலில் நடந்தது. குதிரைக்குட்டியின் காதில் புண். படம் பிடித்துப் புருஷனுக்குக் காட்டலாம் என்று கைப்பேசியை எடுத்தபோது கேமராக் கண்ணின் மேல் ஒரு சொட்டு மழை விழுந்து ஒட்டிக்கொண்டது. திரையில் குட்டி கலங்கிப் போய் ஒன்றும் தெரியவில்லை. அலுத்துப் போய்க் கையைக் கீழே இறக்கினாள். கட்டுக்கயிற்றின் மேல் போய்க்கொண்டிருந்த எறும்பு ஒன்று திரை முழுக்க வந்து நின்றது. தாடையில் ரம்பப் பல், கன்னத்தில் மயிர். விருந்துக்குப் புறப்படுகிற ஆம்பிளை மாதிரி மீசையை நீவிவிட்டுக்கொண்டிருந்தது.

"பிஸ்மில்லா" என்றாள் உம்சுனை. இந்த வயசு வரைக்கும் இத்தனை எறும்பை மிதித்து நடந்திருக்கிறோம், ஒன்றின் முகமும் தெரியாதே என்று அவளுக்கு ஆகிவிட்டது.

அன்றிலிருந்து மேல்சட்டைப் பையில் மருந்துக் குப்பி ஒன்றில் ஊற்றுத்தண்ணீர். புல் தண்டால் ஒரு சொட்டைத் தொட்டு, கேமராக் கண்ணில் வைத்து, சொட்டு வழிவதற்குள் கைப்பேசியை வெடுக்கென்று கவிழ்த்துவிட வேண்டும். சொட்டு தொங்கும். மூச்சை அடக்கிக்கொண்டு கிட்டே, இன்னும் கிட்டே போக வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் பூச்சிகள் குளிரில் விறைத்து உட்கார்ந்திருக்கும். பாறைக்கு அந்தக் கவலை இல்லை. பாறையில் படர்ந்த செம்பாசியைப் படம் பிடித்தால், வானத்திலிருந்து பார்த்த ஊர் மாதிரி வரும். வெட்டுக்கிளியின் முழங்கால் கதவுக் கீல் மாதிரி. சாணி வண்டின் வயிற்றுக்கடியில் உண்ணிகள் குடும்பத்தோடு சவாரி போய்க்கொண்டிருந்தன.

"ஆட்ட எண்ணிட்டு வாடின்னா, எறும்புக்கு மயிர எண்ணிட்டு வர்றா" என்பான் புருஷன் ஜக்சிலிக்.

"ஆட்ட நீங்க எண்ணுங்க, ஏர்நிஸ் அப்பா. எறும்ப எண்ண ஆளில்ல."

அங்கே ஒரு வழக்கம். புது மருமகளோ, பிறந்த பிள்ளையோ, வாங்கி வந்த குதிரையோ, எதையும் முதல்தடவை பார்க்கிறவர் ஏதாவது கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். பார்வைச்சீர். பக்கத்துக் கூடாரத்துச் சைகல் வந்து படத்தை எட்டிப் பார்த்தபோது உம்சுனை கைப்பேசியைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"என்னன்னு சொல்லு. சொல்லத் தெரியலன்னா சீர் வச்சுட்டுப் பாரு."

"ஒரு பூச்சிக்குச் சீரா? என் மருமகளுக்கே நான் ஒரு துண்டுத் துணிதான் வச்சேன்."

"உன் மருமகள நான் ஏற்கெனவே பார்த்திருக்கேன். இத நீ பார்த்ததில்ல."

சைகல் பையைத் துழாவி ஒரு காய்ந்த தயிர் உருண்டையை வைத்தாள். பார்த்துவிட்டு இன்னொரு உருண்டையையும் வைத்தாள். அதற்குப் பிறகு மேய்ச்சல் வெளி முழுக்க அதுவே விளையாட்டாகிவிட்டது. படத்தில் இருப்பது என்னவென்று சொல்லத் தெரியாதவர் தோற்றவர், சீர் வைக்க வேண்டும். சர்க்கரைக் கட்டி வந்தது, ஊக்கு வந்தது, உலர்ந்த திராட்சை வந்தது.

ஒரே ஒருத்தி மட்டும் விளையாடவில்லை. மருமகள் ஜிபெக்.

தலாஸிலிருந்து வந்த பெண். அவரைக் காட்டில் வளர்ந்தவள். கல்யாணம் முடிந்து ஒரு மாசத்தில் மகன் ஏர்நிஸ் வேலைக்கு ரஷ்யா போய்விட்டான். காலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்து மாமனார் மாமியாருக்கு வணக்கம் வைப்பாள், பால் கறப்பாள், சாணி பொறுக்குவாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு வார்த்தை பேசவும் மாட்டாள். படத்தைக் காட்டினால் கவனமாகப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு அத்தை" என்பாள். பெரியவர்கள் முன்னால் புது மருமகள் அதற்கு மேல் வாய் திறப்பது வழக்கமில்லைதான். ஆனாலும் உம்சுனைக்குப் பயம். எறும்பின் முகம் தெரிந்துவிட்டது, இந்தப் பெண்ணின் முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. முதல்முறையாகத் தாய்வீடு போகிற நாளும் வந்துகொண்டிருந்தது.

"புருஷன் ஊர்ல இல்ல. போன பொண்ணு அங்கேயே உட்கார்ந்துட்டா என்ன செய்வ?" என்று சைகல் வேறு கேட்டு வைத்தாள். உம்சுனை தொழுகை முடிந்து கை ஏந்தும்போதெல்லாம் அதைத்தான் கேட்டாள். இவள் திரும்பி வரணும், இறைவா.

புறப்படுகிற காலையில், தலாஸ் போகிற லாரி கீழே சாலையில் நின்றது. வழியனுப்பச் சைகலும் வந்திருந்தாள். உம்சுனை குழாய் வைத்த கொதிகலமான சமோவாரிலிருந்து மருமகளுக்குத் தேநீர் ஊற்றினாள். அந்த நாட்டில் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். இன்னும் ஊற்றுகிறேன், உட்கார் என்று அதற்கு அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு, இனி வராதே என்று அர்த்தம். குழந்தைக்கும் தெரியும்.

குழாயைத் திறந்தவள் கண்ணில் ஜிபெக்கின் முக்காட்டு நுனி பட்டது. ராத்திரி விளக்குப் பக்கத்தில் தொங்கிய முக்காடு. அதில் நகம் அகலத்துக்கு ஒரு பச்சைப் பூச்சி. சல்லாத்துணி மாதிரி சிறகு. கண் இரண்டும் தங்கம். வெறும் கண்ணுக்கே இப்படி மினுங்குகிறதே, சொட்டு வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தபடி நீட்டினாள். ஜிபெக் இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, சூடு ஆறாத தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். குனிந்து வணங்கினாள். போனாள். பூச்சி எங்கேயோ பறந்துவிட்டது.

லாரி வளைவில் மறைந்த பிறகுதான் சைகல் வாயைத் திறந்தாள். "நீ செஞ்சது எனக்குப் புரியல, உம்சுனை. வழிய வழிய ஊத்திட்டியே."

உம்சுனை கிண்ணத்தைப் பார்த்தாள். விளிம்பை ஒட்டிக் கறை ஒரு கோடாக நின்றது.

அதற்கப்புறம் குப்பியில் தண்ணீர் பிடிக்கவில்லை. வண்டுகள் தம் பாட்டுக்குப் போயின. ஜக்சிலிக்குக்கே பொறுக்கவில்லை. "எறும்பெல்லாம் உன்ன விசாரிக்குது. மேட்டுல ஏறி அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசேன்."

"மாமியாக்காரி மருமககிட்ட என்னன்னு சொல்லுவா?"

"நடந்தத சொல்லு."

சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி ஜிபெக்கின் தாய்வீட்டைக் கூப்பிட்டாள். சம்பந்தியம்மாள்தான் எடுத்தாள். பொண்ணு அவரைக் காட்டுக்குப் போயிருக்கா என்றாள். குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. உம்சுனை வைத்துவிட்டு, பாறையில் உட்கார்ந்து, மருமகளின் எண்ணுக்குக் குரலைப் பதிந்து அனுப்பினாள்.

"ஜிபெக், ஊத்துனது என் கைதான். என் கண்ணு அங்க இல்லம்மா. உன் முக்காட்டு நுனியில பச்சையா ஒரு பூச்சி உட்கார்ந்திருந்துச்சு. தங்கக் கண்ணு அதுக்கு. அதப் பார்த்துக்கிட்டே ஊத்திட்டேன். நீ நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி. உன் கிண்ணத்த நான் இன்னும் எடுத்து உள்ள வைக்கல."

மறுநாள் மேடேறியபோது பதில் வந்திருந்தது. பேச்சு இல்லை, ஒரு படம். வெள்ளை நூல்கள் குறுக்கும் நெடுக்கும் கயிறு மாதிரி. அதிலிருந்து ஒரு மெல்லிய தண்டு எழுந்து, நுனியில் வெளிறிய பச்சையாய் ஒரு சின்ன நீள உருண்டை. ஓரமெல்லாம் கலங்கி, நடுவில் மட்டும் துல்லியம். சொட்டு வைத்து எடுத்த படம். அந்த வித்தையை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பேசாமல் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

உம்சுனை கூடாரம் கூடாரமாகக் காட்டினாள். ஊசிப்பூ என்றார்கள், காளான் என்றார்கள். ஜக்சிலிக் "தெருவிளக்கு" என்றான். அவளுக்கும் தெரியவில்லை. மேடேறி, "தோத்துட்டேன், சொல்லு" என்றாள்.

இந்தமுறை ஜிபெக்கே பேசினாள். "அது உங்க பூச்சி வச்ச முட்டை, அத்தை. நீங்க சொன்னதுக்கப்புறம் முக்காட்ட வெளிச்சத்துல பிடிச்சு நூல் நூலா தேடினேன். உட்கார்ந்துட்டுச் சும்மா போகலை அது. நான் முக்காட்டத் துவைக்கல, எங்கம்மா திட்டுறாங்க. மடிக்காம கொண்டுவரேன். நீங்க தோத்திருக்கீங்க, சீர் எடுத்து வைங்க."

சொன்னபடி வந்தாள். வருவதற்குள் முட்டை பொரிந்து, தண்டின் நுனியில் வெறும் வெள்ளைக்கூடு நின்றது. உள்ளேயிருந்த புழு எங்கே என்று இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு முக்காடு முழுக்கத் தேடினார்கள். கிடைக்கவில்லை. இத்தனை பெரிய உலகத்தில் அதற்கு ஓர் இடம் எழுதியிருப்பான் படைத்தவன்.

சீராக உம்சுனை தன் தண்ணீர்க் குப்பியையே கொடுத்தாள். பிறகு சமோவாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை அங்கே இங்கே விடாமல், மருமகளின் கிண்ணத்தில் ஊற்றினாள்.

ஜக்சிலிக் எட்டிப் பார்த்தான். கிண்ணத்தின் அடிகூட முழுக்க நனைந்திருக்கவில்லை.

"இது தேத்தண்ணியா, கேமராவுக்கு வைக்கிற சொட்டா?"

"நீங்க சும்மா இருங்க மாமா" என்றாள் ஜிபெக். சொல்லிவிட்டு, முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு, கிண்ணத்தை மறுபடி நீட்டினாள்.