காய் மட்டும் வைத்த தட்டு

மீன் கொட்டகையில் மதியச் சாப்பாட்டுக்குப் பெண்கள் கூடினால், பேச்சு சுற்றி வளைத்துப் பிள்ளைகளின் வாயில்தான் வந்து நிற்கும். கேரட்டைக் கண்டால் ஓடுகிறான், கீரையை நாய்க்குப் போடுகிறாள் என்று ஆளாளுக்கு ஒப்பாரி வைப்பார்கள். யசுயோ மட்டும் டப்பாவை மூடிக்கொண்டு கத்தி தீட்ட எழுந்து போய்விடுவாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதைத் திமிர் என்று நினைப்பார்கள். திமிர் இல்லை, பயம்.

அவள் கணவன் கென்சாகு சூரை மீன் கப்பலில் போனவன். கிளம்பினால் வருஷம் திரும்பித்தான் வீடு. ஆள் மலை மாதிரி இருப்பான். தட்டில் ஒரு துண்டு குடைமிளகாய் விழுந்துவிட்டால் முகம் கோணிவிடும். மகள் பார்த்துவிடாதபடி அதைப் பொறுக்கி மனைவியின் கிண்ணத்தில் தள்ளிவிடுவான். "கடல்காரனுக்கு எதுக்குடி புல்லும் பூண்டும்?" என்பான். மகள் சிஹோ அப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தாள். மீன் என்றால் தலையைக்கூட விடமாட்டாள். பச்சையாக எது வந்தாலும் வாய்க்குப் பூட்டு.

கப்பலுக்கு ஆள் போன வீடுகளில், போனவனுக்கும் சேர்த்து ஒரு தட்டு வைப்பார்கள். அவன் இடத்தில், அவன் சாப்பிடும் குச்சிகளோடு, அவனுக்குப் பிடித்த மீனும் சோறும். மூடி போட்ட மரக் கிண்ணத்தில் சோயா விழுது கரைத்த மிசோ சூப், கொதிக்கக் கொதிக்க. சற்று நேரம் கழித்து மூடியைத் திருப்பிப் பார்ப்பார்கள். உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஆள் சுகமாக இருக்கிறான். சூடான சூப்பை மூடினால் நீர் கோக்காமல் என்ன செய்யும் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டில் யாரும் கடலுக்குப் போயிருக்க மாட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் சிஹோவுக்கு ஈறு வீங்கி ரத்தம் வந்தது. காய் உள்ளே போகாவிட்டால் தேறாது என்றார் மருத்துவர். யசுயோ கேரட்டைத் துருவி மீன் உருண்டைக்குள் ஒளித்தாள், கெஞ்சினாள், முதுகில் இரண்டு வைத்தாள். எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அலுத்துப்போய், கென்சாகுவின் தட்டில் மீனுக்குப் பக்கத்தில் காயையும் வைத்து, அதைக் காட்டிக் கேட்டாள்:

"இது யாரு தட்டு?"

"அப்பாது."

"அப்பா கடல்ல இருக்காரு, வந்து எடுத்துச் சாப்பிட முடியுமா? நீ அவரு எடத்துல உக்காந்து சாப்பிட்டேன்னா நேரா அவரு வயித்துக்குப் போயிடும். நீ மிச்சம் வச்சா அவரு அங்க பட்டினி."

"நான் மீனு சாப்பிட்டா போவாதா?"

"மீனு அங்க கடல் பூரா கெடக்கு. காய்தான் கெடைக்காது."

சிஹோ நெடுநேரம் தட்டையே பார்த்தாள். பிறகு எழுந்து போய் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு துண்டு குடைமிளகாயை விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. யசுயோவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து தட்டு காலியானது. மீன் இருந்தால் சிஹோ அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிறாள் என்று, அந்தத் தட்டில் மீன் வைப்பதையே யசுயோ நிறுத்திவிட்டாள். பூசணி, கீரை, முள்ளங்கி, குடைமிளகாய். பிள்ளையின் கன்னத்தில் ரத்தம் ஊறியது. சாப்பிட்டு முடித்து வயிற்றைத் தட்டிக்கொண்டு, "அப்பாவுக்குப் பூசணி பிடிச்சிருக்காம்" என்பாள்.

"யாருடி சொன்னா?"

"அவருதான்."

யசுயோ சிரிப்பாள். ஒருநாள், "அப்பாவுக்கு ரொம்பக் குளிருதாம்" என்றாள் சிஹோ. கென்சாகுவின் கப்பல் இருந்தது வெயில் கொளுத்தும் தெற்குக் கடலில். அன்று யசுயோவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் பிள்ளை சாப்பிடுகிறதே! மறுநாள் கொட்டகையில் தன் கெட்டிக்காரத்தனத்தை அவளே அவிழ்த்துவிட்டாள். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். கணவனையும் அண்ணனையும் கடலுக்குக் கொடுத்த தொமே மட்டும் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"மீனே இல்லாமலா வச்ச? வெறும் காய் மட்டும்?"

"ஆமாக்கா."

"அடிப்பாவி. அது செத்தவங்களுக்கு வைக்கிற தட்டுடி."

யசுயோவுக்குத் தெரியாததா? இறந்தவர்களுக்குப் படைக்கும்போது மீன் சேர்க்கக் கூடாது, காய் மட்டும்தான். அந்த ஊரில் பிறந்த எவளுக்கும் தெரியும். பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தட்டைப் பார்க்க மறந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறவனுக்கு நாள்தோறும் தன் கையாலேயே படையல் போட்டிருக்கிறாள்.

அன்று கொட்டகையிலேயே கொழுத்த கானாங்கெளுத்தியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். உப்புத் தடவிச் சுட்டு, தட்டின் நடுவில் வைத்தாள். சூப்பை ஊற்றி மூடினாள். சிஹோ அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தாள், குச்சியைத் தொடவில்லை.

"சாப்பிடுடி. பாரு, உனக்குப் பிடிச்ச மீனு."

"வேணாம்மா."

"ஏன்?"

"அப்பா போதும்னுட்டாரு. வயிறு நிறைஞ்சிடுச்சாம். நாளைக்கு வைக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு."

யசுயோ மூடியை எடுத்தாள். சூப்பிலிருந்து ஆவி அவள் முகத்தில் அடித்தது. மூடியைத் திருப்பினாள். துணியால் துடைத்து அலமாரியில் வைத்தது போல் காய்ந்து கிடந்தது. விரலை வைத்துப் பார்த்தாள். ஈரமே இல்லை.

"ஒரே ஒரு வாய்டி. அப்பாவுக்காகடி, என் தங்கம்ல" என்று பிள்ளையின் தாடையைப் பிடித்து மீனைத் திணித்தாள். சிஹோ அலறிக்கொண்டு துப்பினாள். யசுயோ அவளை இழுத்துத் தள்ளிவிட்டுத் தானே அந்த இடத்தில் உட்கார்ந்து, கையாலேயே பிய்த்து, முள்ளும் தோலுமாக அத்தனையையும் விழுங்கினாள். தொண்டையில் முள் கிழித்தது. பிறகு மறுபடியும் சூப் ஊற்றினாள், மூடினாள், திறந்தாள். மூடி காய்ந்தே இருந்தது.

மறுநாள் கப்பல் கம்பெனி ஆள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். எந்த நேரத்தில் கப்பல் கவிழ்ந்தது என்று அவர் சொல்ல வாயெடுத்தபோது, யசுயோ கையைக் காட்டித் தடுத்துவிட்டாள்.

துக்க நாட்களில் தினமும் படையல் தட்டு வைக்க வேண்டும். உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி, எது எந்தப் பக்கம் என்று சொல்லித்தரட்டுமா என்று கேட்டாள். தேவைப்படவில்லை. யசுயோவின் கை பழக்கத்தில் தானாகவே பூசணியையும் கீரையையும் குடைமிளகாயையும் எடுத்து வைத்தது. அதைப் பார்த்துக்கொண்டு வந்த சிஹோ தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் அன்னிக்கி சாப்பிடாததாலயா?"

இந்தக் கேள்வி வரும் என்று யசுயோவுக்குத் தெரியும். அதெல்லாம் அம்மா சொன்ன பொய், உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அது பொய் என்றால், போதும் என்று சொன்னது யார்? பிள்ளை அதைக் கேட்பாள். கேட்காவிட்டால் இன்னும் மோசம், பதிலைச் சொல்லிவிடுவாள்.

"இல்லடா கண்ணு" என்றாள். "நீ வயிறு நிறைய ஊட்டித்தான் அனுப்பியிருக்க."

சிஹோ தலையாட்டினாள். படையல் தட்டிலிருந்து ஒரே ஒரு துண்டு குடைமிளகாயைப் பொறுக்கி எடுத்தாள். சத்தமில்லாமல் அதைத் தாயின் கிண்ணத்தில் தள்ளிவிட்டாள்.

யசுயோ தலை நிமிராமல் அதைச் சாப்பிட்டாள்.