விளக்கணைத்த வராந்தா

குற்றாலத்தில் மலையடிவாரத்து அரசு பங்களாவுக்கு வண்ண விளக்கு போட்டுவிட்டார்கள். போன வாரம் பார்த்தேன். முதலில் பச்சை, பிறகு ஊதா. சினிமாவில் ஜமீன் வீடாகவும் கோர்ட்டாகவும், ஒருமுறை பேய் வீடாகவும் வந்து புகழ்பெற்ற கட்டடம். வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள்மேல் அடித்த நல்லெண்ணெய் வாசம், உள்ளே இருந்த பழைய டெலிபோனை நினைவுபடுத்தியது.

எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்த அதிகாரிகள் பேசிப் பேசி, அதன் ரிசீவரில் அந்த வாசம் ஊறியிருந்தது. செல்போன் வராத காலம். நான் தென்காசி நிருபர். சீசனில் தினமும் இருட்டிய பிறகு அங்கே போய், நெல்லை அலுவலகத்துக்கு அருவி நிலவரம் சொல்ல வேண்டும். 'மெயினருவியில் நன்றாகத் தண்ணீர் விழுகிறது' என்ற ஒரு வரியை நம்பித்தான் மதுரையில் வேன் பிடிப்பார்கள். அந்த வரியை நான் கண்ணால் பார்த்துச் சொன்னதில்லை. வராந்தா விளக்கை அணைத்துவிட்டுக் காதால் கேட்டுச் சொன்னது. விளக்கு எரிந்தால் அருவிச் சத்தம் குறைந்துவிடும் என்று நம்பினேன். விஞ்ஞானம் என்னை மன்னிக்கட்டும்.

வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு இது வேடிக்கை. "இருட்டுக்குள்ள உக்காந்து என்னதான் யோசிக்கீரோ! பூச்சி பொட்டு கடிச்சா கவர்மெண்டு பொறுப்பில்ல, பாத்துக்கிடும்."

ஒரு நாள் உண்மையிலேயே யோசிக்க விஷயம் இருந்தது. சென்னை அலுவலகத்தில் உதவி ஆசிரியர் வேலை. வருகிறேனா இல்லையா என்று அன்றைக்கே சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். "அங்கன போனாத்தாம்ல ஒனக்குப் பொண்ணு தருவாவ" என்று அம்மா காலையிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தாள். சரி சொல்லிவிடும் முடிவோடுதான் படியேறினேன்.

விளக்கை அணைத்தேன். அருவி காய்ந்து கிடந்த வாரம். முகத்தில் மழைச்சாரல் ஒட்டியது. முதலில் தவளைகள். கடைவீதியில் யாரோ ஷட்டரை இறக்கினார்கள். அதற்கெல்லாம் பின்னால், அரிசி களைவதுபோல மெல்லிய ஒரு சத்தம். கேட்கக் கேட்க அது தடித்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, சென்னை நினைவுக்கே வரவில்லை.

நெல்லையில் போனை எடுத்த துணை ஆசிரியர் கேட்டார். "என்ன ஓய், போறீரா? மெட்ராஸுக்குச் சொல்லணும்லா."

"இப்பத்தான் விழ ஆரம்பிச்சிருக்கு அண்ணாச்சி! மேல நல்ல மழை போல. சத்தம் கூடிக்கிட்டே வருது. காலையில பாறை பூரா தண்ணியாத்தான் இருக்கும், பாத்துக்கிடுங்க..."

மூச்சு விடாமல் பேசினேன் போலிருக்கிறது. அவர் சிரித்துவிட்டார்.

"சரி ஓய், நீரு வரலன்னு சொல்லிருதேன். அருவி நியூஸை மறுபடி சொல்லும், எழுதிக்கிடுதேன்."

அம்மா சொன்னது பலிக்கவில்லை. செங்கோட்டையில் பெண் கொடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. சென்னையில் வேலை பார்ப்பது என் மகள்தான். போன வாரம் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, "அப்பா, தண்ணி கொட்டுது, போகலையா?" என்றாள். போனேன். கொட்டத்தான் செய்தது. திரும்பும் வழியில் பங்களாவின் முன்னால் நின்று, பழக்கதோஷத்தில் காதைக் கொடுத்தேன்.

விளக்கை அணைக்கச் சொல்லலாம் என்றால் வராந்தாவில் ஆளில்லை. அது தானே எரிந்து தானே அணையுமாம்.