பனங்கட்டி சீனியில்லை

வேலணைக் கூட்டுறவுச் சங்கக்கடையில் முப்பது வருடம் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்ற ஏரம்பருக்கு எந்த விஷயத்திலும் சொந்த அபிப்பிராயம் ஒன்று இருக்கும். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்து பன்னிரண்டு வருடம். தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார். "சீனி மில்லிலையிருந்து வாறது. பனங்கட்டி மரத்திலையிருந்து வாறது. ரெண்டும் ஒண்டோ?" என்பார்.

தண்ணீர்ப் பம்பைத் தூக்கப்போய்க் குடலிறக்கம் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன் செய்தார்கள். புண் ஆறும்வரை வழக்கமாக விழுங்கும் குளிசை வேண்டாம், இன்சுலின் ஊசிதான் என்றார் டொக்டர். மேரிஜோசப்பின் என்ற தாதி நாளுக்கு நாலு தரம் விரலில் குத்தி இரத்தம் பார்த்து, ஊசி போட்டாள்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்கு. இரண்டாம் நாள் சீனி இருநூற்று அறுபது. மூன்றாம் நாள் முந்நூற்றுப் பத்து. டொக்டர் ஊசி அளவைக் கூட்டிக்கொண்டே போனார்.

"ஐயா, வேறை ஏதும் சாப்பிடுறியளோ?" என்று தாதி கேட்டாள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. உங்கடை மிசினைத்தான் திருத்தவேணும்."

தலையணை உறைக்குள் ஓலையில் பின்னிய இரண்டு பனங்கட்டிக் குட்டான்கள் பத்திரமாகக் கிடந்தன.

நான்காம் நாள் காலை ஊசி போட்டானதும் உறைக்குள் கையை விட்டார். வெறும் ஓலை! பக்கத்துக் கட்டிலில் கைமுறிவோடு கிடந்த கரம்பொன் ஊரவன் அன்ரனிதாஸ் மெல்லச் செருமினான்.

"ஐயா முகம் கழுவப் போன நேரம் எறும்பு வந்திட்டுது. அதுகள் தின்ன முந்தி நான் திண்டிட்டன்."

வந்த கோபத்தில் ஏரம்பர் காலைச் சாப்பாட்டுக்குத் தந்த பாணையும் தொடவில்லை.

பத்தரை மணிக்குக் கை நடுங்கியது. வியர்வை இடுப்புச் சாரத்தை நனைத்தது. பார்க்க வந்த மனைவி சிவக்கொழுந்தின் கையை எட்டிப் பிடித்தார்.

"இஞ்சேரும், நான் போறன். உம்மடை தம்பியின்ரை கலியாணத்துக்கு வயித்துக்குத்தெண்டு வராமல் நிண்டனான். அது பொய். அவன்ரை கதையைக் கேக்க ஏலாமல்தான்..."

"கதையாமல் கிடவுங்கோ! மிஸ்ஸி, ஓடிவாங்கோ!"

சீனி ஐம்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. மேரிஜோசப்பின் குளுக்கோசு கரைத்துப் பருக்கினாள். கால்மணித்தியாலத்தில் ஏரம்பருக்கு உயிர் திரும்பியது. சொன்னதெல்லாம் நினைவுக்கும் வந்தது. சிவக்கொழுந்தின் முகத்தைப் பார்த்தவருக்கு மறுபடி வியர்த்தது.

அன்ரனிதாஸ் குட்டான் ஓலையை எடுத்துத் தாதியிடம் நீட்டினான்.

"பனங்கட்டிக்கும் சேர்த்தெல்லோ, ஐயா, டொக்டர் ஊசியைக் கூட்டினவர்!" என்றாள் அவள். "அதுவுமில்லை, பாணுமில்லையெண்டால் சீனி விழாமல் என்ன செய்யும்? ஊசி போட்டால் சாப்பிடவேணும். ஒளிச்சுச் சாப்பிட்டால் எனக்குச் சொல்லவேணும்."

"சொன்னால் அது என்னெண்டு பிள்ளை ஒளிப்பு?"

டொக்டர் அளவைக் குறைத்து, இரண்டு நாள் வைத்துப் பார்த்து வீட்டுக்கு விட்டார். ஊசி போடச் சிவக்கொழுந்து பழகிக்கொண்டாள். ஒரு கிழமையாக, ஏழு நாளும், அவள் அவரோடு பேசியது ஒரே வசனம்தான்: "வயித்தைக் காட்டுங்கோ."

மூன்றாம் கிழமை புண்ணைப் பார்த்த டொக்டர், "நல்லாய் ஆறிட்டுது. ஊசியை நிப்பாட்டிப் பழையபடி குளிசைக்குப் போகலாம்" என்றார். ஏரம்பர் கைகூப்பினார்.

சிவக்கொழுந்துதான் விடவில்லை. "ஏன் டொக்டர், இன்னும் ஒரு மாதம் குத்தினால் நல்லதில்லையோ?"