அலை ஆபீசர் கட்டிய வீடு

என் அக்கா புருஷனை ஊரில் எல்லோரும் ‘அலை ஆபீசர்’ என்பார்கள். அது கேலி என்றுகூடத் தெரியாமல் அவர் பெருமையாகத் தலையாட்டுவார். கடலோர அளவை நிலையத்தில் உத்தியோகம். மாடியில் நின்று, கடலில் கட்டிவிட்டிருக்கும் மிதவையைப் பைனாகுலரில் பார்க்க வேண்டும். அலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நிமிடத்துக்கு எத்தனை அலை மிதவையைத் தாண்டுகிறது என்று எழுத வேண்டும். கண்ணும் கடிகாரமும் இருந்தால் போதும். ஆனால் மாடிக்குப் போனால் வெயில், உப்புக்காற்று, போதாததற்கு முட்டி வலி.

அதனால் மின்விசிறிக்கு அடியிலேயே வேலையை முடித்துவிடுவார். எதிர்க் கட்டடத்தின் உச்சியில் ஒரு கொடி, பெரும்பாலும் கிழக்குப் பார்த்தே, பறக்கும். அது கிழக்கே பறந்தால் காற்று மேற்கிலிருந்து. ஆகவே அலையும் மேற்கிலிருந்து. எண்ணிக்கைக்கு நேற்று எழுதியதில் ஒன்றைக் கூட்டுவார், மனசு வந்தால் குறைப்பார்.

“ஏன் மாமா, காத்து வர்ற பக்கத்துலேருந்துதான் அலையும் வரணுமா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பின்ன, அலைய உன் பாட்டனா தள்ளிவிடுறாரு?”

இங்கே காற்று ஒரு பக்கம் அடிக்கும். எங்கோ தூரத்துக் காற்றில் கிளம்பிய அலை வேறு பக்கத்திலிருந்து வந்து சேரும். கரையோரம் ஆழம் குறைந்தால் வளைந்தும் கொள்ளும். கொடியைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றால் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை எதற்கு வைக்கிறார்கள்?

புளுகுகிறவனுக்காவது தான் புளுகுவது தெரியும். இந்த மகானுபாவர் தன் புளுகைத் தானே நம்பினார். வீடு கட்ட இடம் தேடியபோது, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனைக்குக் கிழக்கே, மணலை ஒட்டி, யாரும் சீந்தாத ஒரு மனையைத் தரகர் காட்டினார். தரகருக்கே மனசு கேட்கவில்லை.

“சார், இந்தப் பக்கம் அலை ஏறும்னு சொல்றாங்க.”

“அலையப் பத்தி எனக்கே பாடமா? வருஷக்கணக்கா அளக்கிறவன்யா நான். எல்லாம் மேற்கேருந்துதான் வருது. முனை தடுத்துக்கும்.”

அக்கா நகையைக் கழற்றிக் கொடுத்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். “அவருக்குத் தெரியாததாடா?” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடிபோன முதல் மழைக்காலத்திலேயே கிழக்கிலிருந்து வந்த அலை பின்பக்கத்து மண்ணை அரித்தது. சில நாளில் சமையலறைச் சுவர் பிளந்து சாய்ந்தது. காற்று என்னவோ அன்றைக்கும் மேற்கிலிருந்துதான்.

இப்போது இருவரும் என் வீட்டு முன்னறையில் இருக்கிறார்கள். ஆபீசருக்கு வெட்கம் மருந்துக்கும் இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “என் அளவுல தப்பே இல்ல. கடல்தான் இந்த வருஷம் முறை மாறி வந்திருக்கு” என்கிறார்.

நேற்றும் அதையே சொன்னார். இடிபாட்டில் கிடைத்த பாத்திரங்களை அக்கா துடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

“ஒரு நாளாவது எழுந்து போய்ப் பாத்திருக்கலாமில்ல?” என்றாள்.

அவர் நிஜமாகவே புரியாமல் நிமிர்ந்தார்.

“எதை?” என்று கேட்டார்.