வாங்க என்று கேட்க ஆளில்லாத வாசல்

அப்பா கொளஞ்சியப்பன் கடலூர், சிதம்பரம் தடத்தில் அரசுப் பேருந்து ஓட்டியவர். யார் கை காட்டினாலும் நிறுத்துவார். நிறுத்தம் இல்லாத இடத்திலும். "உங்கப்பா ஓட்றது பஸ் இல்ல பாப்பா, ஷேர் ஆட்டோ" என்பார் கண்டக்டர் பழனிவேல்.

அம்மா இறந்து, பணி ஓய்வும் வந்தபின் செம்மண்டலம் வீட்டில் தனியாக இருந்தார். நான் ஓசூரில் ஒரு ஆலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். போனில் அவர் சொல்வதெல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் முகம் திருப்பிக்கொண்டார். பழனிவேல் டிக்கெட்டுக்குக் காசு வாங்கவில்லை, இரக்கப்பட்டுவிட்டான். எதிர்வீட்டுக்காரருக்குக் கழுத்துப் பிடிப்பு. சொன்னால் அப்பாவின் காதில் ஏறாது.

சாப்பாடும் தூக்கமும் குறைந்தன. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மனச்சோர்வு என்றார். தான் யாருக்கும் வேண்டாதவன் என்ற நினைப்புக்கு ஒத்துப்போவது மட்டும் அப்பா கண்ணில் படுகிறது, ஞாபகத்தில் நிற்கிறது, மற்றது நழுவிவிடுகிறது என்று விளக்கினார். எனக்குப் புரிந்தது. பூஜ்யம் நகர்ந்துபோன கருவி அப்படித்தான். எதை அளந்தாலும் தவறு ஒரே பக்கம் விழும்.

மாத்திரையோடு ஒரு பயிற்சியும் தந்தார். மனசு ஒரு காரணம் சொன்னால் வேறு இரண்டு தேட வேண்டும்.

"பால்காரன் இன்னிக்கி சிரிக்கல."

"வேற காரணம் சொல்லுப்பா."

"பல்லு வலி."

"இன்னொண்ணு?"

"பொண்டாட்டி ஊர்லேருந்து வந்துட்டா."

அப்பா சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு.

அத்தை சௌந்தரத்தின் மகள் இளமதிக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். தாய்மாமன் அப்பா ஒருவர்தான். அவர்தான் மாலை போட்டுப் பெண்ணை மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அதைச் செய்துவிட்டால் தேறிவிடுவார் என்று நம்பினேன். தனியாக வருகிறேன் என்றார். "நான் ஓட்டுன ரூட்டு. எனக்கே வழி சொல்றியா?" மருத்துவரும் சம்மதித்தார். நான் முன்னாடியே மண்டபத்துக்குப் போய்விட்டேன்.

எங்கள் வழக்கத்தில் வாசலில் ஒருவர் "வாங்க" என்று கேட்க வேண்டும். கேட்காத இடத்தில் மானமுள்ளவர் நுழையமாட்டார். அப்பா வந்தபோது வரவேற்பு மேசையில் சந்தனமும் கல்கண்டும் இருந்தன. ஆள் இல்லை. மாப்பிள்ளை கார் தெருமுனைக்கு வந்துவிட்டதென்று எல்லோரும் அங்கே போயிருந்தோம். சீர்த்தட்டையும் மாலையையும் மேசைமேல் வைத்துவிட்டு அப்பா திரும்பிவிட்டார். போனை அணைத்துவிட்டார். முகூர்த்தம் தாண்டப்போகும்வரை காத்திருந்து, மாமன் முறையுள்ள வேறொருவர் மாலை போட்டார்.

"மாமன் முறைச்சிக்கிட்டாரு" என்றது மண்டபம்.

அத்தையின் கணவர் ராமாமிர்தம் மாமா கொதித்தார். "வெத்தல பாக்கு வச்சி நேர்லதான மச்சானக் கூப்ட்டோம்? இன்னும் என்னா கொறை?"

"அது வியாதி மாமா. டிப்ரஷன்."

"கோவத்துக்கு இங்கிலீஷ்ல பேரு வச்சிட்டீங்களா?"

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். "வேற காரணம் தேடலியாப்பா?"

"தேடனேன். ரெண்டு கெடச்சிது. ரெண்டும் பொய்யாப் பட்டுது."

கோபித்துக்கொண்டவர் முதலில் வரட்டும் என்று அத்தை வீட்டில் காத்திருந்தார்கள். அவர்கள் வராததையே அப்பா சாட்சியாக எடுத்துக்கொண்டார். "பாத்தியா?" என்பார். பயிற்சி நின்றது. மாத்திரையும் நின்றது. ஐப்பசி மழையில் ஒரு காலை மாரடைப்பில் போய்விட்டார். எனக்குப் போன் செய்து சொன்னவர் எதிர்வீட்டுக்காரர்.

அத்தை ஒரு பட்டு வேட்டியோடு வந்தார். தாய்மாமனுக்கென்று எடுத்தது. வேறு யாருக்கும் கொடுக்காமல் பீரோவிலேயே வைத்திருந்தார். அதையே கோடியாகப் போர்த்தினார்.

"வாண்ணேன்னு சொல்ல வாசல்ல நான் இல்லாமப் போய்ட்டனே."

ராமாமிர்தம் மாமா வெளியே மழையில் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். சாவு வீட்டில் யாரையும் "வாங்க" என்று கேட்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் கேட்காமலே அவர் உள்ளே வந்தார்.