நெற்றிக்குப் போன கை

நீக்கிலாஸ் அண்ணை, நாங்கள் நாடுவிட்டு வந்து குடியேறிய மல்வேர்னில் எனக்குப் பக்கத்து வீடு. ஒரே கம்பனியில்தான் இருவரும் பார்சல் வான் ஓட்டுகிறோம். மன்னார்க் கத்தோலிக்கர், அறுபத்திரண்டு வயது. இந்த வயதில் அவருக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? அதனால்தான் வானுக்குள் கமரா பூட்டியபோது வாயை மூடிக்கொண்டிருந்தார். கத்தியது நான்தான்.

கட்டைவிரல் அளவுச் சாமான். செயற்கை நுண்ணறிவாம். கண் றோட்டில் இருக்கிறதா, கொட்டாவி விடுகிறோமா, கையில் ஃபோன் இருக்கிறதா, எல்லாம் அதற்கு விளங்குமாம். பிழை கண்டால் ஒரு பெண்குரல் அதட்டும். மூன்று பிழை சேர்ந்தால் வேலை போச்சு.

அண்ணையின் வழியில் ஒரு சேமக்காலை இருக்கிறது. மனைவி றீற்றா அக்காவை நாலு வருடத்துக்கு முன் அங்கேதான் அடக்கம் செய்தோம். "கடக்கேக்க ஒருக்கா எனக்காகச் சிலுவை போடுங்கோ" என்று அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டிருந்தார். அண்ணை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

கமரா வந்த முதல்நாள், சேமக்காலையடியில் சிலுவை போடக் கை நெற்றிக்குப் போனது. "ஃபோனைக் கீழே வைக்கவும்!" மறுநாளும் அதே அதட்டல். இரண்டு பிழை. கோதாரி விழுந்த கமராவுக்கு நெற்றி எது, காது எது என்று தெரியவில்லை!

மேற்பார்வையாளர் அனோஜாவிடம் அண்ணையை நானே கூட்டிக்கொண்டு போனேன். இங்கே பிறந்த பிள்ளை, நல்ல பிள்ளை. "அங்கிள், நான் நம்புறன். ஆனா சிஸ்டத்தில மாத்தேலாது. ஐ ஆம் சோ சொறி" என்றாள்.

"வேற றூட் கேளுங்கோ அண்ணை" என்றேன்.

"கேட்டா, பிறகு அவளை எப்பிடிக் கடக்கிறது?"

அதன்பிறகு இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் றோட்டில். நாக்கால் மேல்வாயில் சிலுவை போடுவதாகச் சொன்னார். "உது கமராவில பிடிபடாது மகேஸ்" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிசன் பெண்சாதியைக் கள்ளமாகவா கும்பிட வேண்டும்?

மூன்று மாதம் போனது. நாக்குக் கதையையும் அவர் விட்டுவிட்டார். போன வெள்ளிக்கிழமை, இந்த மாதக் கமராக் கணக்கில் அவருக்கு நூற்றுக்கு நூறு புள்ளி என்று கேக் வெட்டி, படத்தைச் சுவரில் மாட்டினார்கள். "அங்கிள், யூ ஆர் நம்பர் வன்!" என்று அனோஜா கைதட்டினாள். அண்ணை கேக்கை வாயில் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் நினைவுநாள். என் காரில் சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மெழுகுதிரி கொளுத்தினார். வலதுகை நெஞ்சுவரை எழும்பி, அங்கேயே நின்றுவிட்டது. கண் மேலே எதையோ தேடியது. மேலே வெறும் வானம்தான்.

"இஞ்ச ஒருத்தரும் பாக்கேல்லை. போடுங்கோ அண்ணை."

"தெரியுமடா. கை போகுதில்லை."

அவ்வளவுதான், விம்மி அழத் தொடங்கினார். எனக்கும் தாங்கவில்லை. நான் சைவக்காரன், சிலுவை போட்டுப் பழக்கமில்லை. அவருடைய கையைப் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோய் வைத்தேன். கை குளிர்ந்து போயிருந்தது.

"பிறகு எங்கை அண்ணை?"

"நெஞ்சுக்கு" என்றார்.