மாணிக்கம் அண்ணன் சரியாகத்தான் எண்ணினார்

மாணிக்கம் அண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தபோது, பண்டமாரானில் லோரிக்குப் பின்னால் நின்று சரக்குச் சீட்டு பார்த்துக்கொண்டிருந்தேன். என்னையறியாமல் கால்சட்டைப் பை இரண்டையும் வெளியே இழுத்துவிட்டேன். "என்னாண்ணே, சாவி தொலைஞ்சிருச்சா?" என்றான் டிரைவர்.

நம் துப்பாக்கி சுடும் கிளப்பில் இருந்தவர்களுக்குக் காரணம் புரியும். கிளப்பைப் பதிவு செய்ய அலுவலகம் அலுவலகமாக அலைந்த செயலாளர் அவர். உறுப்பினர் பட்டியல், அடையாள அட்டை நகல், துப்பாக்கி பூட்டும் அறையின் வரைபடம் என்று பிரிக்பீல்ட்ஸ் நகல் கடையிலேயே பாதி நாள் கிடப்பார். நானோ பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். உறுப்பினர் விண்ணப்பப் பாரத்தில் பிறந்த தேதிக்கு அன்றைய தேதியை எழுதிவிட்டேன். "இன்னிக்குத்தான் பொறந்தியா? உனக்குத் துப்பாக்கி இல்ல லா, பால் புட்டிதான்" என்றார்.

சுட்டு முடித்ததும் எல்லாரும் வாசலில் பையைத் திருப்பிக் காட்ட வேண்டும். கொடுத்த தோட்டாவும், காலி உறையும் மிச்சமும் பதிவேட்டில் ஒத்துப்போக வேண்டும். "ஒன்னு கொறஞ்சாலும் நம்ம பதிவுக்கு ஆபத்து" என்பார். ஒரு மாலை நல்ல மழை. மகளை டியூஷனிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது. மழைக்கோட்டோடு தவித்த என்னைப் பார்த்து, "நீ சுட்டா அட்டையில ஓட்டையே விழாது, நீ எதைத் தூக்கிட்டுப் போகப்போற? ஓடு" என்று விட்டுவிட்டார்.

அன்று ஒரு தோட்டா குறைந்தது. போன் செய்து கேட்டார். பார்க்காமலே, "பார்த்துட்டேண்ணே, இல்ல" என்றேன். அவர் போலீஸில் புகார் கொடுத்தார். பதிவைக் காப்பாற்ற, எண்ணியதில் பிழை தன்னுடையது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பதவியிலிருந்து விலகினார்.

அடுத்த மழைக்குக் கோட்டைப் போட்டேன். பைக்குள் விட்ட விரலில் தோட்டா தட்டியது.

ஜெயில், மகளின் படிப்பு என்று பயந்து அதை பிஸ்கட் டின்னில் ஒளித்தேன். யார் டின்னைத் தொட்டாலும் அது உருளும். நான் ஓடிப்போய் டின்னை வாங்கிக்கொள்வேன்.

அண்ணனைக் கடைசியாகப் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். மாத்திரைகளை இலையோரம் வைத்து இரண்டு முறை எண்ணினார். "என் எண்ணிக்கையை நானே நம்புறதில்ல தம்பி" என்று சிரித்தார். என் வாயில் சோறு இருந்தது. பேசாமல் இருக்க அது போதுமான சாக்காக இருந்தது.

கிளப் நண்பர்களே, பிழை அவருடையது அல்ல. நேற்று மகளிடம் சொன்னேன். "நானும் வரேன்ப்பா" என்றாள். இன்று காலை வக்கீலோடு போய்த் தோட்டாவைப் போலீஸில் ஒப்படைத்து, நடந்ததை எழுதிக்கொடுத்தேன். இனி என்ன ஆகுமோ தெரியாது.

அவர் பழக்கிய அந்த ஒரு பழக்கம்தான் என்னிடம் மிச்சம். வீட்டு வாசலில் தினமும் பையைத் திருப்பிக் காட்டுகிறேன். எதிரில் யாரும் இல்லை. ஆனாலும் அவர் "ஓடு" என்று சொல்லும்வரை உள்ளே போகக் கால் வரமாட்டேன் என்கிறது.